காரம் ஒத்துக்கொள்ளாத தோழி

"காரம் தின்னத் தெரியாத பாப்பா!" என்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நாங்கள் கேலி செய்ததுண்டு. மதிய வேளையில் நாங்கள் பகிர்ந்துண்ணும் காரக்குழம்பையும் சாத்தூர்க் காராச்சேவையும் அவள் தொடமாட்டாள். எங்கள் கேலிக்கு அஞ்சி ஒருநாள் தின்றாள். அன்று பிற்பகல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். அது செல்லமும் அல்ல, பிடிவாதமும் அல்ல, உடலின் இயல்பு என்று மருத்துவர் விளக்கிய பிறகே நாங்கள் தலைகுனிந்தோம். அப்போது நாங்கள் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

மிளகாயின் காரத்திற்குக் காரணம் 'காப்சைசின்' என்னும் பொருள். விதையில்தான் காரம் என்று எண்ணுகிறோம். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான பகுதியிலேயே அது மிகுதி. நம் நரம்பு நுனிகளில் சூட்டை உணரும் ஏற்பிகள் உள்ளன. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அவை மூளைக்கு அறிவிக்கும். காப்சைசின் பட்டாலும் அதே அறிவிப்புத்தான் செல்கிறது! ஆகவேதான் நாக்கு சுடாமலே சுட்டதுபோல் எரிகிறது. இதனை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இதே ஏற்பிகள் குடலிலும் உண்டு. சிலருடைய குடல் இவ்வெரிச்சலை மற்றவர்களைவிட மிகுதியாக உணர்கிறது. வயிற்றுவலி, நெஞ்செரிச்சல், பேதி ஆகியவை அதனால் வரலாம்.

ஒத்துக்கொள்ளாமை வேறு, ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே உணவைப் பகையாகக் கருதும். தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுத் திணறலும் வரலாம். திணறல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக் காலந்தாழ்த்தாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

ஒத்துக்கொள்ளாமையைச் சமாளிப்பது எப்படி? உண்டதையும் உடலுக்கு நேர்ந்ததையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வந்தால் எது ஆகவில்லை என்பது புலப்படும். மருத்துவரின் யோசனைப்படி அதைச் சில வாரம் நிறுத்தி, பின் சிறிது சேர்த்துப் பார்க்கலாம். குழம்பு கொதிக்கும்போதே காரமில்லாமல் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது அம்மாவுக்குப் பெரிய வேலையன்று. கடைப் பண்டங்களின் உறையில் 'மசாலாப் பொருட்கள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதில் மிளகாயும் இருக்கக்கூடும். தவறித் தின்றுவிட்டால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நாக்கின் எரிச்சலைத் தணிக்கும். காப்சைசின் நீரில் எளிதில் கரையாது.

மிளகாய் இல்லாமல் சமையலா என்று வியக்க வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் மிளகு, இஞ்சி, சீரகம் கொண்டே சுவையாகச் சமைத்தார்கள். ஆனால் மிளகின் காரமும் அதே ஏற்பிகளைத் தூண்டுவதால், சிலருக்கு அதுவும் ஆகாது. அவர்களுக்குச் சீரகமும் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கைகொடுக்கும்.

சங்கரன்கோவில் வெயிலில் வற்றல் காயப்போடாத வீடு அரிது. காரம் நமக்குப் பழகிப்போனது. அதனால் அது ஆகாதவரின் வேதனை நமக்கு எளிதில் புரிவதில்லை. இப்போது எங்கள் தோழி தன் தயிர்சாதத்துடன் எங்கள் நடுவிலேயே அமர்கிறாள். "இது உனக்கு ஆகுமா?" என்று கேட்ட பிறகே பங்கு வைக்கிறோம். அன்புத் தங்கையரே! உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். கேலி செய்யுமுன் கேட்டறிவோமாக!