மேசைத் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுதல்

காரியாலய மேசையிலுள்ள தொலைபேசியில் குரல் மட்டுமே போகும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. சிறு திரையும் அதன் மேல் ஒரு கமராவும் பொருத்திய தொலைபேசிகள் வந்துவிட்டன. ஆனால், அவற்றில் பேசும்போது தமது முகம் நன்றாகத் தெரிவதில்லையே என்று சகோதரிகள் சிலர் படத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

குறை முகத்தில் இல்லை, தொலைபேசி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தாழ்வாக இருக்கும் கமரா கீழிருந்து மேலே பார்க்கிறது. நாடி பெரிதாகத் தெரிய, தலைக்குப் பின்னால் கூரையின் டியூப் லைட் எரிகிறது. கமராவோ வெளிச்சத்தை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் கருவி. பின்னால் விளக்கோ யன்னலோ பிரகாசித்தால், அதைக் குறைப்பதற்காக உங்கள் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். ஆகவே தாங்கியை நிமிர்த்தி, போதாவிட்டால் அடியில் தடித்த புத்தகங்களை வைத்து, கமராவைக் கண் மட்டத்துக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். யன்னலைப் பார்த்தபடி அமருங்கள்.

படம் விட்டு விட்டு வருகிறதா? கருவி ஒவ்வொரு முறையும் முழுப் படத்தையும் அனுப்புவதில்லை. பெரும்பாலும் முந்திய படத்திலிருந்து மாறியவற்றையே அனுப்புகிறது. பின்னால் திரைச்சீலை ஆடினாலும் ஆட்கள் நடமாடினாலும் அதன் சுமை கூடுகிறது. பின்னால் வெறுஞ்சுவர் இருப்பதே நல்லது. பல இடங்களில் கணினியின் வயரும் தொலைபேசியின் ஊடாகவே செல்வதால், பேசும் நேரத்தில் பெரிய கோப்புகளை அனுப்பாதிருங்கள்.

குரலுக்கு விநாடிக்கு 100 கிலோபிட் அளவு போதும். தெளிவான படத்துக்கு அதைப்போல் 10 மடங்குக்கு மேல் தேவைப்படலாம். லைன் தடுமாறினால் படத்தை நிறுத்திக் குரலைக் காப்பாற்றுங்கள். ஸ்பீக்கரில் பேசினால் அறையின் எதிரொலியும் சேர்ந்து போகும். ஹெட்செட் இருந்தால் அதுவே சிறந்தது. குரல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். சொல்லி முடித்துச் சற்றுப் பொறுங்கள்.

இனி, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற விஷயம். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி கம்பனி 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற படத் தொலைபேசியைக் காட்டியது. அதே ஆண்டில் நியூயோர்க், வாஷிங்டன், சிக்காகோ நகரங்களில் அதற்கென அமைத்த அறைகளில் 3 நிமிடம் பேச 16 முதல் 27 டொலர் வரை அறவிட்டார்கள். 1970இல் பிட்ஸ்பேர்க் காரியாலயங்களுக்கு மாதம் 160 டொலருக்குக் கொடுத்தார்கள். அது எடுபடவில்லை. விலை ஒரு காரணம். மணி அடித்ததும் முகம் காட்டப் பலர் விரும்பாதது இன்னொரு காரணம்.

அந்தத் தயக்கம் நியாயமானதே. முன்னறிவிப்பின்றிப் படத்துடன் அழைப்பது, கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைவதைப் போன்றது. "படத்துடன் பேசலாமா?" என்று முதலில் குரலில் கேட்டுக்கொள்வது எவ்வளவு நாகரிகம்! அடுத்த மேசைச் சகோதரியும் கமராவில் விழுவாரென்றால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். மேசையில் பரப்பியிருக்கும் கணக்குத் தாள்களும் அதில் தெரியும். சில தொலைபேசிகளில் அழைப்பைத் தானாகவே ஏற்கும் வசதி உண்டு; அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். கமராவுக்குச் சிறு மூடி இருந்தால், பேசி முடித்ததும் மூடிவிடுங்கள். மூடி இல்லாதவற்றில் சிறு கடதாசித் துண்டொன்றை ஒட்டினாலும் போதும்.