யார் முதலில் சொல்வது?

ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. விளையாட்டு நேரத்தில் பாவாடையில் இரத்தக் கறையைப் பார்க்கிறாள். எங்கோ அடிபட்டுவிட்டது என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மூலையில் நின்று அழுகிறாள். இன்னொரு வீட்டில் பதினான்கு வயதுப் பையன் விடியுமுன் எழுந்து, நனைந்த போர்வையை யாருக்கும் தெரியாமல் துவைக்கிறான். தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்பது அவன் முடிவு.

உண்மையில் இருவர் உடம்பிலும் ஒரு குறையும் இல்லை. உடல் தன் வேலையை உரிய காலத்தில் தொடங்கியிருக்கிறது. ஆனால் அப்படி ஒரு நாள் வரும் என்று இருவருக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

‘இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?’ என்று நாம் கூசுகிறோம். நாம் பேசாவிட்டால் வேறு யாருமே பேசமாட்டார்களா? தெருச் சுவரிலே ஒட்டிய லேகிய விளம்பரம் பேசும். விவரம் தெரியாத நண்பன் பேசுவான். இன்றோ கையிலிருக்கும் செல்பேசியும் பேசும். ஆகவே, சொல்வதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யார் முதலில் சொல்வது என்பதே கேள்வி.

உடலில் நடப்பது என்ன?

பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் நாம் தெளிவு பெற வேண்டும் அல்லவா? மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும், மூளையிலிருந்து வரும் தூண்டுதலால் அது சில ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகிறது. அவை இரத்தத்தில் கலந்து சென்று, பெண்ணின் சினைப்பைகளையும் ஆணின் விந்தகங்களையும் வேலைக்கு எழுப்புகின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும், விந்தகம் டெஸ்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. பூப்பு என்பது இதுதான்.

பெண்ணின் கருப்பை மாதந்தோறும் ஒரு கருவை வரவேற்கத் தன் உட்சவ்வைத் தடிப்பாக்கி வைக்கிறது. விருந்தாளிக்குப் பாய் விரித்து வைப்பது போன்றது இது. கரு உண்டாகாவிட்டால் விரித்த பாயைச் சுருட்டுவது போல, அந்தச் சவ்வு கரைந்து இரத்தத்துடன் வெளியேறுகிறது. அதுவே மாதவிடாய். ஒரு முறை வெளியேறும் இரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி லிட்டர்தான். இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. இது நம் நாளங்களில் ஓடும் அதே இரத்தம். இதில் ‘தீட்டு’ எங்கிருந்து வந்தது? முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் கணக்கு முன்பின்னாக இருப்பதும் இயல்பே. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், 15 வயதாகியும் தொடங்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆணின் விந்தகம் பூப்புக்குப் பின் இடைவிடாமல் விந்தணுக்களை உண்டாக்குகிறது. சில வேளை உறக்கத்தில் விந்து தானாகவே வெளியேறும். அதன் அளவு சில மில்லி லிட்டர். அதிலும் பெரும்பகுதி துணைச் சுரப்பிகளின் நீர். ‘ஒரு துளி விந்துக்குப் பல துளி இரத்தம்’ என்பது வெறும் கட்டுக்கதை. இந்தக் கதையை நம்பி, உடல் இளைத்துவிட்டதாக எண்ணித் துவண்டு வருவோரின் நிலையை, இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் ‘தாத்’ நோய்த்தொகுதி என்று பெயரிட்டு விளக்கினார். தாது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அவர்களை வாட்டுவது விந்து போனது அன்று, அச்சம்தான்.

எப்போது, எப்படிச் சொல்வது?

ஒரே நாளில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூன்று நான்கு வயதில், குளிப்பாட்டும்போதே கண், மூக்கு என்று சொல்லித் தருவதைப் போல மறைவுறுப்புகளின் பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள். அந்த இடங்களை யாராவது தொட்டாலோ, தொடச் சொன்னாலோ, ‘யாரிடமும் சொல்லாதே’ என்று மிரட்டினாலோ உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைகளிடம் தவறாக நடப்போர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர்களே. நடந்ததைச் சொல்லக் குழந்தைக்குச் சொற்கள் வேண்டும். அவர்களைக் காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் குழந்தை வாய் திறந்தால்தானே சட்டம் உதவும்!

ஐந்தாறு வயதில் ‘பாப்பா எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்கும். ‘தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று மழுப்பாதீர்கள். ‘அம்மாவின் வயிற்றில் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது, அதில் வளர்ந்தது’ என்பதே போதும். கேட்ட அளவுக்குச் சொன்னால் பிள்ளை நிறைவடையும். மேலே தெரிய வேண்டுமானால் மறுபடியும் உங்களிடமே வரும்.

எட்டு ஒன்பது வயதில் பூப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதில் இயற்கையே நமக்கு அவகாசம் தருகிறது. மார்பு அரும்பத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டு சென்ற பின்னரே முதல் மாதவிடாய் வருகிறது. அந்த அவகாசத்தில் மகளுக்கு நாப்கினைக் காட்டி, அணியும் விதத்தைச் சொல்லி, பள்ளிப் பையில் ஒன்றை வைத்துவிடலாம். மகனிடம் அப்பா இப்படிச் சொல்லலாம்: “தம்பி, தூங்கும்போது என்னிக்காவது துணி நனைஞ்சிருந்தா பயப்படாதே. இந்த வயசுல வர்றதுதான், எனக்கும் வந்தது. துணியை வாளியில போட்டுட்டுப் போ.” இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மகளுக்குச் சொல்வதை மகனுக்கும் சொல்லுங்கள். அக்காவுக்கு வயிறு வலிப்பது ஏன் என்று தெரிந்த தம்பி, நாளை வகுப்பில் எந்தப் பெண்ணையும் கேலி செய்யமாட்டான்.

சொன்னால் கெட்டுப்போவார்களா?

இந்த ஐயம் எல்லாப் பெற்றோருக்கும் வருவதே. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உடலுறவில் ஈடுபடுவதில்லை என்று காட்டுகிறது. விவரம் தெரிந்த பிள்ளை நிதானிக்கிறது. தெரியாத பிள்ளைதான் ஏமாறுகிறது. நீங்கள் கேள்விக்கு விடை தெரியாமல் திகைத்தால், ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று கூறி, மறக்காமல் சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

இதைப் படிக்கும் மாணவர்களே! உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இதுவரை எழவில்லையா? நீங்களாகத் தொடங்கக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி உண்டு. இந்தப் பக்கத்தை விரித்தபடியே மேசைமேல் வைத்துவிட்டு விளையாடப் போங்கள். திரும்பி வரும்போது அம்மாவோ அப்பாவோ படித்திருப்பார்கள்.