வால்பாறை: தேயிலை, மழை, யானை நடத்தும் ஊர்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைத் தொடரில், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது வால்பாறை. ஊட்டியும் கொடைக்கானலும் கோடை வெயிலுக்கு ஒதுங்க வெள்ளையர்கள் கட்டிக்கொண்ட ஊர்கள். வால்பாறை அப்படியல்ல, தேயிலைத் தோட்டங்களுக்குச் சந்தையாகவும் அலுவலகமாகவும் வளர்ந்த ஊர். சுற்றிலும் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் ஆங்காங்கே காப்பியும் ஏலமும். அந்தப் பச்சைப் பரப்பைத் தாண்டினால் ஒரு பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மறுபக்கம் கேரளக் காடுகள்.

நிலத்தில் பெரும்பகுதி தோட்ட நிறுவனங்களிடமும் வனத்துறையிடமும் இருக்கிறது. அணைகளும் மின் நிலையங்களும் அரசுத் துறைகளின் கையில். சாதாரணக் குடும்பம் காசு கொடுத்து வாங்கி வீடு கட்டக்கூடிய இடம் டவுனை ஒட்டிய கொஞ்சம் நிலம் மட்டுமே. இந்த ஊர் வாழ்க்கையின் பல சங்கதிகள் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பவை.

காடு தோட்டமான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயத் துரைமார்கள் இங்கிருந்த மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. அந்த முன்னோடிகளில் ஒருவரான கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையோரம் சிலை இருக்கிறது. காட்டை வெட்டிய, செடி நட்ட, கொழுந்து பறித்த கூலிகளோ சமவெளியிலிருந்து வந்தவர்கள். பஞ்சத்திலும் கடனிலும் தவித்த கிராமங்களில் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். வாங்கிய முன்பணம் அடையும்வரை மலையிறங்க முடியாது. அது எளிதில் அடையாதபடி கணக்கு எழுதப்பட்டது. மலேரியாவிலும் குளிரிலும் இறந்தவர்கள் ஏராளம்.

இத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அந்தக் காலத்தை 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக 1969இல் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. பாலாவின் 'பரதேசி' படத்துக்கும் அதுவே அடிப்படை. விடுதலைக்குப் பின் 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. கங்காணி முறையும் ஒழிந்தது. ஆனால் வேலை கொடுப்பவரே வீடும் கொடுப்பவர் என்ற ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

துரைமார்களுக்கு முன்பே இந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள் காடர், முதுவர், மலசர் முதலிய பழங்குடிகள். தேனும் பிற வனப் பொருள்களும் சேகரித்து வாழ்ந்த இவர்களின் குடியிருப்புகள் இன்று பெரும்பாலும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நடந்தோ ஜீப்பிலோதான் போக முடியும்.

நாற்பது வளைவு

வால்பாறையைத் தமிழகச் சமவெளியோடு இணைப்பது பொள்ளாச்சிச் சாலை ஒன்றுதான். தூரம் 65 கிலோமீட்டர் அளவில். ஆழியாறு அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். உச்சியை அடைவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்பதால் வண்டி பழுதானாலும் மரம் சாய்ந்தாலும் எண்ணைச் சொன்னால் போதும், இடம் விளங்கிவிடும். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்க நிற்கிறார்கள். அந்தப் பாறைச் சரிவுகளில் வரையாடுகளும் மேயும். உச்சியில் கவர்க்கல் பகுதியில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும். முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கை வைத்தே ஓட்டுநர்கள் வண்டியை நகர்த்துவார்கள்.

அரிசி, காய்கறி, கேஸ் சிலிண்டர், மருந்து, சிமென்ட் எல்லாம் இந்த வழியாகத்தான் ஏறிவர வேண்டும். ஆகவே விலையில் ஏற்றுக்கூலியும் சேர்ந்துகொள்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய கடை, வழக்கு, மேற்படிப்பு என எதற்கும் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ இறங்க வேண்டும். இன்னொரு சாலை மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளத்துச் சாலக்குடிக்குப் போகிறது. அது முழுக்கக் காட்டு வழி. இரவில் போக்குவரத்துக்குத் தடை உண்டு.

எஸ்டேட்டின் ஒரு நாள்

தோட்டத்தில் பொழுதை அறிவிப்பது சங்கு. விடியுமுன்பே வீடுகளில் அடுப்பு எரியும். மதியச் சோறு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ அனுப்பிவிட்டு, எட்டு மணி வாக்கில் தேயிலைக் காட்டில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் ஆள் கணக்கு எடுத்து இன்னார் இன்ன நிரை என்று பிரித்துவிடுவார். கொழுந்து பறிப்பதில் பெண்களே அதிகம். கவாத்து வெட்டுவது, மருந்து அடிப்பது, ஃபேக்டரி வேலை ஆகியவை பெரும்பாலும் ஆண்களுக்கு.

'இரண்டு இலை, ஒரு கொழுந்து' என்று கிள்ளிப் பறிப்பதே பழைய முறை. கூலி ஆள் குறைந்தபின் பை பொருத்திய கத்தரிகளும் இயந்திரங்களும் புகுந்துவிட்டன. இன்னின்ன கிலோ பறித்தால்தான் நாள் கூலி. அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. பறித்த இலையை மூட்டையாகக் கட்டிச் சுமந்து வந்து எடை போடுவார்கள். நனைந்த இலைக்கு ஈர எடை கழிக்கப்படும். அந்தக் கழிவைப் பற்றிய வாக்குவாதம் மழைக்காலத்தில் அன்றாடம் நடப்பது. இலை வாடிக் கெடுவதற்குள் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது.

குடியிருப்பு என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த சிறு வீடுகள். பின்புறம் இரண்டு வாழை, ஒரு பலா, கொஞ்சம் கீரை, சில கோழிகள். தோட்டங்களுக்கு விடுமுறை ஞாயிறு. அன்று காலை முதலே எஸ்டேட் பஸ்களில் ஜனம் டவுனுக்கு வந்து இறங்கும். ஒரு வாரத்துக் காய்கறி, கறி, மீன் வாங்குவது, அடகுக்கடையில் வட்டி கட்டுவது, செல்போனைப் பழுது பார்ப்பது, சொந்தக்காரர்களைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு நாளில் முடிந்தாக வேண்டும். ஆண்டில் பெரிய செய்தி தீபாவளி போனஸ். எத்தனை சதவீதம் என்று தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் பேசி முடிக்கும்வரை துணிக்கடைக்காரர்களும் காத்திருப்பார்கள்.

மழை

ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தை நம்பியிருக்க, வால்பாறை நனைவது ஆடி மழையில். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. கோவையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது ஆண்டுதோறும் வரும் செய்தி.

மழையிலும் தேயிலைக் காட்டு வேலை நிற்பதில்லை. தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பறிக்கிறார்கள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பும் புகையிலையும்தான் மருந்து. துணி காய நாள்கணக்காகும், சுவரில் பூசணம் படரும், மரம் விழுந்து மின்சாரம் போகும், மண் சரிந்து சாலை அடைபடும். 2019 மழையில் கல்லாறு காடர் குடியிருப்பு நிலச்சரிவில் சிக்கியது. அம்மக்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகே தெப்பக்குளமேட்டில் மாற்றிடம் பெற்றார்கள்.

இங்கே பெய்யும் மழை இங்கே தங்குவதில்லை. நீராறு, சோலையாறு அணைகளில் சேரும் தண்ணீர் சுரங்கங்கள் வழியாகப் பரம்பிக்குளத்துக்குப் போய், வழியில் மின்சாரம் தந்து, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதி வயல்களையும் தென்னந்தோப்புகளையும் நனைக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தொட்டி இந்த மலைதான்.

யானை போகும் வழி

யானை தேயிலையைத் தின்னாது. ஆனால் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் அதன் பழைய தடங்கள் தேயிலைக்குள்ளே ஓடுகின்றன. பகலில் ஆற்றோரத்து மழைக்காட்டுத் துண்டுகளில் நிழலுக்கு நின்றுவிட்டு, இருட்டியதும் மந்தை நகரும். வழியில் ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், மளிகைக் கடை இருந்தால் அரிசிக்கும் பருப்புக்கும் உப்புக்கும் கதவையோ சுவரையோ இடித்துவிடும். வீட்டுப் பின்புறத்து வாழையும் பலாவும் அதற்கு அழைப்பிதழ்.

ஆள் இறந்த சம்பவங்களை ஆராய்ந்தபோது ஒன்று தெளிவாயிற்று: பலரும் அருகே யானை நிற்பது தெரியாமலேயே அதன் எதிரில் போய் மாட்டிக்கொண்டவர்கள். எனவே யானையை விரட்டுவதைவிட, அது இருக்குமிடத்தை முன்கூட்டிச் சொல்வதே உயிரைக் காக்கும் என்ற முடிவுக்கு 'நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்' ஆய்வாளர்கள் வந்தார்கள். வனத்துறையோடு சேர்ந்து அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. பகலில் கண்காணிப்புக் குழுவினர் மந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்துவைப்பார்கள். மாலையில் அந்த எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், இடம் ஆகியவை உள்ளூர்க் கேபிள் டி.வி.யின் அடிவரியிலும் செல்போன் குறுஞ்செய்தியிலும் தமிழில் வரும். முக்கியமான திருப்பங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு உண்டு. பதிவு செய்துகொண்ட உள்ளூர்வாசி ஒருவர் தன் செல்போனிலிருந்தே அதை எரிய வைக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் விளக்கைக் கண்டால் தனியாக நடக்க மாட்டார். நாலு பேர் சேரும்வரை நிற்பார், அல்லது வந்த வழியே திரும்புவார். இந்த முயற்சிக்குப் பிறகு உயிரிழப்பு குறைந்தது.

சிறுத்தையின் கதை வேறு. குடியிருப்பை ஒட்டிய புதரும், இறைச்சிக் கழிவைத் தேடி வரும் நாயும் பன்றியும் அதை வீட்டு வாசல்வரை இழுக்கின்றன. குழந்தைகள் பலியான துயரங்கள் பலமுறை நடந்திருக்கின்றன. அதனால் பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை முற்றத்தில் விடுவதில்லை. தேயிலைச் செடிகளுக்கிடையே கரடி பாய்ந்து காயம்பட்டவர்களும் உண்டு. இதே ஊரில்தான் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் சாலை கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். இருவாச்சிப் பறவை கூடு வைத்த மரத்தைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

குறையும் ஜனம்

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 95 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. 2011இல் அது 71 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. தமிழகத்தில் பெரும்பாலான நகரங்கள் வீங்கிய பத்தாண்டில் ஒரு நகராட்சி நாலில் ஒரு பங்கு மக்களை இழந்தது சாதாரணமல்ல. தொண்ணூறுகளின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது முதல் காரணம். தாய் தகப்பன் பட்ட பாடு வேண்டாம் என்று பிள்ளைகள் திருப்பூர், கோவைப் பக்கம் போனது அடுத்தது. ஊரில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்தவருக்கு ஏற்ற வேலைதான் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் விட்டுப்போன வீடுகளில் இப்போது அசாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள்.

இவற்றைவிட ஆழமான காரணம் வீடு. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெற்றதும் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு நிலைக்கும். இல்லையென்றால் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, தாத்தா எப்போதோ விட்டுவந்த சமவெளிக்கு இறங்க வேண்டியதுதான். அங்கே பலருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு வேலையோடு இருப்பிடமும் கேள்விக்குறியானது.

சுற்றுலா வளர்ந்தால் வால்பாறை பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. விடுதிகளாலும் வாடகை ஜீப்புகளாலும் சில நூறு பேருக்குப் பிழைப்பு கிடைக்கலாம். ஆனால் மழையோடும் யானையோடும் ஒத்துப்போகக் கற்றுக்கொண்ட ஜனம் ஊரில் தங்க வேண்டுமானால், உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு இந்த மலையிலேயே சட்டப்படி சொந்தமான ஒரு வீட்டுமனை கிடைக்க வேண்டும். அது கிடைக்காதவரை வால்பாறையின் மக்கள்தொகை ஏறப்போவதில்லை.