பொம்மையை ஓட வைக்கும் டைம் டேபிள்

திருவனந்தபுரம்: "கோச்சடையான்" படத்துக்காக ரஜினிகாந்த் 2012ஆம் ஆண்டில் நம் நகருக்கு வந்து நடித்துவிட்டுப் போனது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். அது வழக்கமான படப்பிடிப்பாக இருக்கவில்லை. அரண்மனை செட் கிடையாது, ராஜா உடுப்பும் கிடையாது. அக்செல் அனிமேஷன் ஸ்டூடியோவில், உடலோடு ஒட்டிய ஒரு தனி உடையை மாட்டிக்கொண்டு நட்சத்திரங்கள் நடித்தார்கள். அவர்களுடைய அசைவை மட்டும் கருவிகள் பதிவு செய்துகொண்டன. பின்னர் அந்த அசைவைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய பொம்மைக்கு ஏற்றினார்கள். படம் 2014 மே மாதம் திரைக்கு வந்தது. ரசித்தவர்களும் உண்டு, அசைவில் உயிர் போதவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

அந்த முறைக்கு ஸ்டூடியோவும் பெரிய முதலும் வேண்டும். ஆனால் நாம் தினமும் காணும் நகரும் சித்திரங்களில் மிகப் பெரும்பாலானவை அப்படிச் செய்யப்படுவதில்லை. டெலிவிஷனில் செய்தி தொடங்குமுன் எழுத்து சுழன்று வந்து நிற்பதும், சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை விளம்பரப் பலகையில் புடவை விரிவதும், வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண அழைப்பிதழில் மாலை ஆடுவதும் வேறொரு முறையில் ஆனவை. அதற்குக் கீ ஃப்ரேம் என்று பெயர். வீட்டில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் இருந்தால் போதும். நம் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் ஆசை வைத்திருப்பதாலும், பெற்றோர் கடன் வாங்கிக்கூட அவர்களைப் பயிற்சி நிலையங்களில் சேர்ப்பதாலும், அந்தக் கீ ஃப்ரேம் என்பது என்ன என்று வீட்டுப் பெரியவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு இது சட்டென்று விளங்கும். நாகர்கோவில் செல்லும் பாசஞ்சர் வண்டிக்கு டைம் டேபிளில் என்ன அச்சிடுகிறோம்? திருவனந்தபுரத்தில் இத்தனை மணி, நெய்யாற்றின்கரையில் இத்தனை, பாறசாலையில் இத்தனை, குழித்துறையில் இத்தனை. அவ்வளவுதான். நடுவே ஒவ்வொரு தந்திக் கம்பத்தையும் வண்டி எப்போது தாண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. இரண்டு ஸ்டேஷன், இரண்டு நேரம் சொன்னால் இடைப்பட்டதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கீ ஃப்ரேமும் இதேதான். "முதல் படத்தில் பந்து இடது ஓரத்தில், 48ஆவது படத்தில் வலது ஓரத்தில்" என்று இரண்டு நிலைகளை மட்டும் குறித்துக்கொடுத்தால், நடுவிலுள்ள படங்களைக் கம்ப்யூட்டர் தானே நிரப்பிவிடும்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள். நம் நாட்டு டெலிவிஷனில் 25. ஆக, பத்து நிமிடச் சித்திரப்படத்துக்கு 14,400 படங்கள் வேண்டும். ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளித்தாலும் 7,200 ஓவியங்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு இவ்வளவையும் கையால்தான் வரைந்தார்கள். டிஸ்னி போன்ற நிறுவனங்களில் மூத்த ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இளையவர்கள் கூட்டமாக உட்கார்ந்து இடைப்படங்களை நிரப்புவார்கள். ஹெட் கிளார்க் நகல் எழுதிக் கொடுக்க, மற்றவர்கள் பிரதி எடுப்பது போல.

இந்த இடைப்பட வேலையைக் கம்ப்யூட்டருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் இருவரும். அவர்களுடைய முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் "பசி" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு குறும்படம் எடுத்தார். பசித்த உலகத்தின் நடுவே தின்று தின்று பெருக்கும் ஒருவனின் கதை. உருவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக உருகி மாறும். அது ஆஸ்கார் போட்டி வரை சென்றது. தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கார் விருது அந்த இரு விஞ்ஞானிகளுக்கும் 1997இல்தான் கிடைத்தது. அரசு ஆபீஸ் வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

வந்த நேரமும் புறப்படும் நேரமும்

புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஆட்டோ ரிக்ஷா திரையின் நடுவே வந்து, ஒரு வினாடி நின்று, பிறகு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பையன் மூன்று கீ ஃப்ரேம் வைப்பான்: தொடக்கத்தில் ஒன்று, 48இல் நடுவில் ஒன்று, 120இல் கடைசி ஓரத்தில் ஒன்று. ஓடவிட்டால் ஆட்டோ நிற்கவே நிற்காது; நடுவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று பையன் நினைப்பான். கோளாறு ஒன்றும் இல்லை. வண்டி நிற்கும் ஸ்டேஷனுக்கு டைம் டேபிளில் வரும் நேரம், புறப்படும் நேரம் என்று இரண்டு போடுகிறோமே, அதுபோல இங்கும் ஒரே இடத்துக்கு இரண்டு குறிப்பு வேண்டும். 48இல் நடுவில், 72இலும் அதே நடுவில். அப்போதுதான் 24 படம், அதாவது ஒரு வினாடி, ஆட்டோ நிற்கும்.

சில சமயம் இரண்டும் சரியாக வைத்திருந்தும், நிற்க வேண்டிய வண்டி சற்று முன்னே போய்ப் பின்னால் வரும். கம்ப்யூட்டர் பாதையை வளைவாக்கி அழகு பண்ண முயல்வதால் வரும் வினை இது. சின்ஃபிக் என்ற மென்பொருளில் கிளாம்ப்டு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது நின்றுவிடும்.

அடுத்தது வேகம். ரயில் எந்த ஸ்டேஷனிலும் எடுத்த எடுப்பில் நூறு கிலோமீட்டரில் கிளம்புவதில்லை. நூறிலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு வருவதுமில்லை. கன்ட்ரோல் ஆபீஸில் வண்டிகளின் ஓட்டத்தைக் கோடாக வரையும் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். கோடு செங்குத்தாக ஏறினால் வண்டி வேகம். படுத்தால் வண்டி நிற்கிறது. அனிமேஷன் மென்பொருள்களிலும் அச்சாக இதே போன்ற ஒரு வரைபடம் உண்டு. கோட்டின் இரு முனைகளையும் மெல்ல வளைத்தால் பொருள் தயங்கிக் கிளம்பி, தயங்கி நிற்கும். இதற்கு ஈஸ் என்று பெயர். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் எஃப் 9 பொத்தானை அழுத்தினால் வைர வடிவில் இருக்கும் கீ ஃப்ரேம் குறி மணற்கடிகாரம் போல மாறும். ஈஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் ஈஸ் போட்டால் அழகு வந்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பந்து துள்ளுவதைச் செய்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். நான்கடி உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட ஏறத்தாழ அரை வினாடி, அதாவது 12 படம் ஆகும். நேர்கோட்டு வேகத்தில் விட்டால், ஆறாவது படத்தில் அது பாதித் தூரம் வந்திருக்கும். நூல் கட்டி இறக்குவது போலத் தோன்றும். உண்மையில் ஆறாவது படத்தில் அது கால் பங்கு தூரமே விழுந்திருக்கும். மீதி முக்கால் பங்கும் பிந்திய ஆறு படத்தில். ஆகவே உச்சியில் மட்டும் ஈஸ், தரையில் கூடாது. தரையிலும் ஈஸ் போட்டால் பந்து பஞ்சு மூட்டையில் விழுந்தது போலிருக்கும். தரையைத் தொடும் ஒரு படத்தில் பந்தைச் சற்று நசுக்கி, அகலத்தைக் கூட்டிவிட்டால் ரப்பர் பந்து. நசுக்காமல், துள்ளலையும் குறைத்தால் இரும்புக் குண்டு. படம் ஒன்றுதான், நேரக் கணக்கு மாறினால் பொருளே மாறிவிடுகிறது!

சக்கரத்தையும் சொல்ல வேண்டும். பஸ்ஸை நகர்த்திவிட்டுச் சக்கரத்தைத் தோராயமாகச் சுற்றவிடுகிறார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலிருக்கும். நமது ஐ.சி.எஃப். பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம். ஒரு முழுச் சுற்றுக்கு அது 2.87 மீட்டர் நகர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒன்பதாம் வகுப்புக் கணிதம்தான். தவிர, சுழலும் புள்ளியைச் சக்கரத்தின் நட்டநடுவில் வைக்க மறந்தால் சக்கரம் பெட்டியைவிட்டுக் கழன்று வட்டமடிக்கும்.

தெனாலிராமன் பிறந்த ஊர்

இத்தொழிலுக்கு நம் நகரம் புதிதல்ல. கழக்கூட்டத்தை அடுத்த டெக்னோபார்க்கில் டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் 1999இல் தொடங்கியது. டிஸ்னியில் பணியாற்றிய பில் டென்னிஸ் அதை முன்னின்று நடத்தினார். அங்கு உருவான தெனாலிராமன் தொடர் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பாயிற்று. நம் பாட்டிமார் சொன்ன கதை, அனந்தபுரியில் படமாகி நாடு முழுவதும் ஓடியது நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் வேலை தேடி இங்கு வருகிற நம் இளைஞர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கையால் இடைப்படம் நிரப்புகிறவனுக்கு அன்று இருந்த தேவை இன்று இல்லை. அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது வாக்கியமாகக் கேட்டாலே முழுக் காட்சியையும் ஆக்கித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஹெட் கிளார்க் வேலைதான். எந்த நிலையைக் குறிப்பது, எத்தனை படத்துக்கு அப்பால் அடுத்ததை வைப்பது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுதான் அது. பல பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் மென்பொருள் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த முடிவை எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் விளம்பரம் என் கண்ணில் படவில்லை. பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கற்பதற்காகப் பெரும் தொகை கட்டுவது வீண் செலவு என்றே தோன்றுகிறது.

பணம் கட்டாமல் பழக வழி இருக்கிறது. சின்ஃபிக், பிளெண்டர், ஓபன்டூன்ஸ் ஆகிய மூன்றும் இலவசம். இதில் ஓபன்டூன்ஸின் கதை சுவையானது. இத்தாலியில் பிறந்த மென்பொருள்; ஜப்பானின் புகழ்பெற்ற கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்தியது; 2016இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கேரள அரசுப் பள்ளிகளில் இத்தகைய கட்டணமில்லா மென்பொருள்களே பாடத்தில் இருக்கின்றன. பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட கைட் நிறுவனம் இதைக் கவனிக்கிறது. 2025இல் புதிய பாடத்திட்டம் வருவதற்கு முன்பு இருந்த பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் புத்தகத்தில் சின்ஃபிக் கொண்டு சித்திரத்தை நகர்த்தும் பாடம் உண்டு. மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் புத்தகம் அச்சானது. மூணாறு எஸ்டேட்டில் தமிழ் வழியில் படிக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பாடம் தாய்மொழியில் கிடைத்தது சிறிய விஷயமல்ல. பழைய புத்தகம் மூத்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

மென்பொருளின் உள்ளே சொற்கள் ஆங்கிலத்தில் இருக்குமே என்று தமிழ் வழிப் பிள்ளைகள் தயங்குவதுண்டு. பழக வேண்டிய சொற்கள் இருபதுக்குள்தான். சின்ஃபிக்கில் திரைக்குக் கீழே ஒரு சிறு மனித உருவம் இருக்கும். அதை அழுத்தினால்தான் அசைவு பதிவாகும். அழுத்த மறந்து படத்தை நகர்த்தினால் பொருள் இடம்தான் மாறும், ஓடாது. வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தி அணைத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் படிந்தால் முதல் வாரத்துக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

பந்து, ஆட்டோ, சக்கரம் மூன்றும் கைவந்த பிறகு மனிதனை நடக்க வைத்துப் பார்க்கலாம். சாதாரண நடையில் ஒரு அடிக்கு 12 படம், இரண்டு அடிக்கு 24. குதிகால் தரையைத் தொடும் நிலையை முதலில் குறித்து, கால்கள் ஒன்றையொன்று கடக்கும் நிலையை நடுவில் குறிக்க வேண்டும். கடக்கும்போது தலை சற்று உயரும், குதிகால் பதியும்போது தாழும். இதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்குத் தம்பானூரில் நின்றால் எத்தனையோ விதமான நடையைப் பார்க்கலாம். மூட்டை தூக்கியவர் நடையில் தலை உயர்வதே இல்லை என்பதையும் அங்கே கவனிக்கலாம்.

அரசு, உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றம் நடைபெறுகிறது. அனிமேஷன் அதில் ஒரு பாடம். எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்து உறுப்பினர்களை எடுக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், தேர்வு எப்போது என்று பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.