கோத்தகிரி: குளிரும் ஒரு நோயும்



மடுகரை வட்டாரத்தில் சித்திரை வெயிலில் வாடும் நமக்கு நீலகிரி என்றாலே குளிர்ந்த காற்றுதான் நினைவுக்கு வரும். அதே குளிர் அங்குள்ள சில ஏழைக் குடும்பங்களுக்கு வேதனையாயிருக்கிறது. ஆகவே இந்த இதழில் கோத்தகிரியைக் குறித்து எழுதுகிறோம்.

சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த இச்சிற்றூருக்குக் கோத்தர் என்னும் பழங்குடியினரால் பெயர் வந்தது. இரும்பு வேலையிலும் மண்பாண்டத்திலும் இசையிலும் தேர்ந்தவர்கள் அவர்கள். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அருகிலுள்ள கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். ஊட்டி நகரம் எழுந்தது அதற்குப் பின்புதான். 1846-ல் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் பணியைத் தொடங்கினார்கள்.

மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் இங்கே தணிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கு மழைதான் வலுத்துப் பெய்யும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைப்பாதை அடைபட்டால் நோயாளி மேட்டுப்பாளையம் இறங்குவது எப்படி?

மழைக்குப் பின் மார்கழி, தைக் குளிர் வரும். இச்சரிவுகளில் வாழும் இருளர், குறும்பர் சிலருக்கு அரிவாள் அணுச் சோகை என்னும் பரம்பரை நோய் உண்டு. இந்தியாவில் இந்நோய்க் கூறு முதன்முதல் 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடமே கண்டறியப்பட்டது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. அதனால் எலும்பிலும் மூட்டிலும் பொறுக்கமுடியாத வலி உண்டாகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதாலும், போதிய தண்ணீர் குடியாததாலும் வலி தூண்டப்படுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இக்கூற்றைப் பெற்ற பிள்ளைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் சுகமாயிருப்பார். ஆனால் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடும்.

எளிய இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம். ஒழுங்கான மருந்து, போதிய தண்ணீர், ஒரு கம்பளி, காய்ச்சல் கண்டவுடன் சிகிச்சை ஆகிய இவையே அநேக பிள்ளைகளை வேதனையிலிருந்து காக்கும். நீங்கள் மிஷன் மருத்துவப் பணிக்குக் கொடுக்கும் காணிக்கை சிறிதானாலும், இப்படிப்பட்ட சிறிய தேவைகளில்தான் உயிர் காக்கிறது.

மழையும் குளிரும் மலையில் தொடரும் மாதங்களில் இந்தக் குடும்பங்களையும், பாதை கடந்து அவர்களிடம் செல்லும் செவிலியரையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறோம்.