வீட்டுத் தொழில்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இட்லிப் பொடி அரைத்து, ஊறுகாய் போட்டு விற்கும் அம்மாக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பதிவு, பில் என்று பேச்செடுத்தால், ‘வீட்டில்தானே செய்கிறேன், அதெல்லாம் எதற்கு?’ என்பார்கள். பெரும்பாலும் பணம் மாட்டிக்கொள்வது இந்த அலட்சியத்தால்தான். கையில் காகிதம் இருந்தால் பாக்கிக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு பதிவுகள்

வீட்டுச் சமையலறையில் செய்தாலும், உணவை விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு கட்டாயம். சிறு தொழிலுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். கூடவே சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச சில்லறை விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவையும் வேண்டும். பொடியில் வேர்க்கடலை சேர்த்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதைத் தனியே குறிப்பிட வேண்டும். வீட்டு உபயோக சிலிண்டரை விற்பனைச் சமையலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல். அதற்கு வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, குறு, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு. ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். கட்டணமே கிடையாது. இதற்குப் பணம் கேட்பது அரசுத் தளமாக இருக்காது.

பாக்கி வராவிட்டால்

‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று கடைக்காரர் இழுத்தடிக்கிறாரா? உத்யம் பதிவு இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதிந்தால், அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றம் விசாரிக்கும்.

அங்கே பேசப்போவது நம் பில்தான். கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ‘பருப்புப் பொடி, 200 கிராம், 50 பாக்கெட்’ என்று எழுதி, நகலில் கடையின் சீலோடு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சேலையை மொத்தமாக வாங்கி விற்பதுபோன்ற வெறும் வியாபாரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருள் தயாரிப்போருக்கும் சேவை தருவோருக்கும்தான்.

ஆர்டர் மோசடி

‘நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன்’ என்று போன் வரும். பின்னாலேயே ஒரு கியூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொல்வார்கள். போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டே சரக்கைக் கொடுங்கள். வீட்டிலிருந்தே பேக்கிங் வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்; சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழியுண்டு.

கடன் வாங்கும்போது

முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இன்றிக் கடன் பெறலாம். நுண்கடன் வாங்கினால், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக் கூடாது. மிரட்டினால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சரக்கு கொடுத்த பிறகு உத்யம் பதிவு செய்தால், அந்தப் பழைய பாக்கிக்குச் சட்டம் கைகொடுக்காமல் போகலாம். முதல் பாக்கெட் கடைக்குப் போவதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.