பல்லுக்காக எல்லை தாண்டுபவர்கள்

மெக்ஸிகோவில் லாஸ் அல்கோதோனெஸ் என்று ஒரு சின்ன ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. காரை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தே வந்துவிடலாம். திரும்பின பக்கமெல்லாம் பல் கிளினிக்தான், 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே பட்டப்பெயர். அமெரிக்க முதியவர்கள் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் அடிப்படைத் திட்டம் வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தராது. வேற என்ன பண்ணுவாங்க?

விலை குறைவுதான். ஆனா எந்த வேலைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பல் அடைப்பது, சுத்தம் செய்வது ஒரே நாளில் முடியும். இம்ப்ளான்ட் அப்படியில்லை. டைட்டானியம் திருகு தாடை எலும்போடு சேர்வதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் மேலே நிரந்தரப் பல் வைப்பார்கள். ஆக, இரண்டாவது பயணச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: திருகின் கம்பெனி, அளவு, லாட் நம்பர் எழுதிய அட்டை தருவீங்களா? கம்பெனிக்குக் கம்பெனி இணைப்பு வேற (பழைய செல்போன் சார்ஜர் கதைதான்). பின்னால் மேல்பாகம் தளர்ந்தால், அட்டை இல்லாமல் உள்ளூர் டாக்டர் திணறுவார். கேள்விக்கு மழுப்பினால் அடுத்த கிளினிக்கைப் பாருங்கள். அந்த ஊரில் அதுக்குப் பஞ்சமில்லை.